இருபது நாள் கூலிக்கு ஒரு மகப்பேறு

டெல்லியின் தென்பகுதிக் குடிசைப்பகுதி ஒன்றில் வாழும் வீட்டுவேலைத் தொழிலாளி ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். சாலைக்கு அப்பாலுள்ள அடுக்ககத்தில் மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கி, தரை துடைத்து, துணி துவைப்பவர். கணவர் பன்னிரண்டு மணிநேரப் பணிமுறையில் காவலாளி. கருவுற்ற ஏழாம் மாதத்தில், குனிந்து தரை துடைக்க முடியாத நிலையில், வேலையிலிருந்து நிற்கிறார். "குழந்தை பிறந்ததும் வந்துவிடு" என்கிறார்கள் மூன்று வீட்டாரும். அவருடைய இடத்துக்கு அதே சந்திலிருந்து இன்னொரு பெண் வருகிறார்.

அரசு மருத்துவமனையில் பிரசவம். இரண்டு நாளில், தையலோடும் கைக்குழந்தையோடும், ஆட்டோவில் வீடு திரும்புகிறார். பிரசவம் இலவசம்தான், ஆயினும் வெளியில் வாங்கிய மருந்து, போக்குவரத்து, உள்ளே 'மகிழ்ச்சிக்காக'க் கேட்கப்பட்ட சில நூறுகள் என்று கையிருப்பு கரைந்துவிட்டது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) அரசு மருத்துவமனையில் நடக்கும் ஒரு பிரசவத்துக்கே குடும்பங்கள் தம் கையிலிருந்து செலவிடும் தொகை சராசரியாக 2,916 ரூபாய். கணவரின் சம்பளத்தில் வாடகையும் ஊருக்கு அனுப்ப வேண்டியதும் போக மீதமிருப்பது அரிசிக்கும் பருப்புக்கும் காணும். முட்டைக்கும் பாலுக்கும் காணாது. தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டியவரும் அவரே. மாமியாரும் தாயும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள். நான்காவது வாரம் முடியும் தறுவாயில் ஒரு வீட்டிலிருந்து தொலைபேசி வருகிறது: "எப்போது வருகிறாய்? வரவில்லையென்றால் இவளையே வைத்துக்கொள்கிறோம்."

அந்தக் குழந்தை எத்தனை நாள் தாய்ப்பால் குடிக்கும் என்பதை முடிவுசெய்வது மருத்துவரோ தாயோ அல்லர். இந்தத் தொலைபேசி அழைப்புத்தான்.

இவர் போன்ற பெண்களுக்காகவே ஒன்றிய அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. பெயர் 'பிரதான மந்திரி மாத்ரு வந்தனா யோஜனா'. மாத்ரு வந்தனா என்றால் தாய்க்கு வந்தனம். அதாவது, கும்பிடு. கும்பிடுவதற்குச் செலவில்லை என்பதால்தானோ என்னவோ, திட்டத்தின் தொகையும் அதற்கேற்பவே அமைந்திருக்கிறது: முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய். கர்ப்பிணி இழக்கும் கூலிக்குப் பகுதி ஈடாக, பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் அவர் போதிய ஓய்வு எடுக்கும்பொருட்டு இத்தொகை வழங்கப்படுகிறது என்று திட்டத்தின் வழிகாட்டு நெறிகளே கூறுகின்றன. அரசு சொல்லும் அளவுகோலையே எடுத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம்.

2024-25இல் ஜார்க்கண்டிலும் பீகாரிலும் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 245 ரூபாய். 5,000 ரூபாய் என்பது அந்தக் கூலியில் இருபது நாளுக்குக் காணும். டெல்லியில் பயிற்சியற்ற தொழிலாளிக்கு 2024 அக்டோபரில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாத ஊதியம் 18,066 ரூபாய். அந்தக் கணக்கில் ஏழு நாள். மறுபுறம், 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் ஒரு பெண்ணை வேலையில் அமர்த்தக் கூடாது என்று தடை விதித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அச்சட்டம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் முழு ஊதியத்துடன் விடுப்பு அளித்தது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று வைத்து, நாட்டிலேயே மிகத் தாழ்ந்த கூலிகளுள் ஒன்றான அந்த 245 ரூபாயைக் கொண்டு கணக்கிட்டாலும், 26 வாரத்துக்கு 38,220 ரூபாய் ஆகிறது. சட்டம் வேலையே செய்யக் கூடாதென்று சொன்ன ஆறு வாரத்துக்கு மட்டும் 8,820 ரூபாய். திட்டம் கொடுப்பது அதற்கும் காணாத 5,000.

ஒரு நாட்டில் இரண்டு தாய்மை. நிரந்தர வேலையிலுள்ள பெண்ணுக்கு ஆறு மாதம். அவர் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கும் பெண்ணுக்கு இருபது நாள். முன்னவருக்குக் கிடைப்பது அதிகம் என்று எந்த உழைக்கும் பெண்ணும் சொல்ல மாட்டார். அந்த 26 வாரமும் போராடிப் பெற்றதே. உழைக்கும் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் நிற்கும் பக்கம் இரண்டாவது என்பதே பிரச்சினை. அமைப்புசாராத் தொழிலில், பண்ணையில், செங்கற்சூளையில், பிறர் வீட்டில் உழைப்பவர்களுக்கு அந்தச் சட்டத்தின் கதவு திறப்பதில்லை.

தொகை இருக்கட்டும்; அது வந்து சேரும் காலத்தைப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடுகிறது. முதல் தவணையான 3,000 ரூபாய், கருவுற்றதைப் பதிவுசெய்து குறைந்தது ஒருமுறை பரிசோதனைக்குச் சென்ற பின். இரண்டாம் தவணையான 2,000 ரூபாய், குழந்தையின் பிறப்பைப் பதிவுசெய்து முதல் சுற்றுத் தடுப்பூசிகளை முடித்த பின். அச்சுற்றின் கடைசி ஊசி போடப்படுவது பதினான்காவது வாரத்தில். ஆகவே, எல்லாம் சரியாக நடந்தாலும், ஓய்வெடுப்பதற்கான பணத்தின் ஒரு பகுதி தாய் வேலைக்குத் திரும்பிப் பத்து வாரம் கழிந்த பிறகுதான் வரும். எல்லாம் சரியாக நடப்பது அரிது. ஆதாரில் ஓர் எழுத்து, வங்கிக் கணக்கில் வேறோர் எழுத்து. கல்யாணத்துக்கு முந்தைய பெயர் ஓர் அட்டையில், பிந்தையது மற்றோர் அட்டையில். ஊரில் பதிவு, பிரசவம் நகரத்தில். தொடக்கத்தில் கணவரின் ஆதாரும் கேட்கப்பட்டது. கைவிடப்பட்ட பெண்ணுக்கும் மணமாகாத தாய்க்கும் அது சாத்தியமில்லை என்ற எதிர்ப்பு எழுந்து, பின்னர் வந்த விதிகளில்தான் அது தளர்த்தப்பட்டது.

இந்த 5,000 எங்கிருந்து வந்தது என்பதையும் தோழர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு, அரசு மற்றும் பொதுத்துறை நிறுவனங்களில் நிரந்தரப் பணியிலிருப்போர் நீங்கலாக, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இரண்டு உரிமைகளைத் தந்தது. கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதமும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு; 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேற்று நிதி. எத்தனையாவது குழந்தை என்ற கேள்வி அந்தப் பிரிவில் இல்லை. மூன்றாண்டுக் காலம் அது பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது; 2010இல் சில பத்து மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கிய இந்திரா காந்தி மாத்ருத்வ சஹயோக் திட்டத்தோடு சரி. பணமதிப்பிழப்பால் மக்கள் வங்கி வாசல்களில் நின்றிருந்த 2016 டிசம்பர் 31 அன்று, நாட்டுமக்களுக்கு ஆற்றிய உரையில் பிரதமர் இந்த 6,000 ரூபாயை நாடு முழுமைக்குமான புதிய பரிசுபோல் அறிவித்தார். திட்டம் வெளிவந்தபோது அது 5,000 ஆகச் சுருங்கியிருந்தது; முதல் குழந்தைக்கு மட்டும் என்றும் குறுகியிருந்தது. சட்டத்துக்கும் திட்டத்துக்கும் இடையிலுள்ள 1,000 ரூபாய்க்கு என்ன விளக்கம்? மருத்துவமனைப் பிரசவத்துக்காக 2005 முதல் வழங்கப்படும் ஜனனி சுரக்ஷா தொகையையும் சேர்த்தால் 'சராசரியாக' 6,000 ஆகிவிடுமாம். டெல்லி போன்ற இடங்களின் நகர்ப்புறத்தில் அத்தொகை 600 ரூபாய்தான்; அதுவும் எல்லோருக்கும் இல்லை. குறைந்தபட்சத்தைச் சராசரியாக மாற்றிய இந்தக் கணித வித்தையை நாடாளுமன்றம் நிறைவேற்றவில்லை.

2022இல் விதிகள் மாறின. இப்போது இரண்டாம் குழந்தைக்கும் 6,000 ரூபாய் உண்டு, அது பெண்ணாக இருந்தால். பெண்சிசுவுக்கு ஊக்கம் என்பது அரசு சொல்லும் காரணம். பெண் குழந்தையை மதிக்கும் சமூகம் வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் இத்தொகை குழந்தைக்கான பரிசாக அறிவிக்கப்படவில்லை. தாய் இழந்த கூலிக்கு ஈடு என்றே அறிவிக்கப்பட்டது. பிறந்தது ஆண் என்றால் தாய்க்கு உதிரப்போக்குக் குறைவா? தையல் விரைவில் ஆறிவிடுமா? டெல்லியின் அந்தப் பெண்ணுக்கு இரண்டாவதாக மகன் பிறந்தால், பிரசவித்த மறுவாரமே அவர் வேலைக்குப் போவதை இந்த அரசு தன் விதிகளாலேயே உறுதிசெய்கிறது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பெண்ணை 'உரிமையுடையவர்' என்கிறது. திட்டத்தின் விளம்பரங்களும் மேடைப் பேச்சுகளும் அவரை 'லாபார்த்தி' என்கின்றன. தமிழில் 'பயனாளி' என்று மென்மையாக்கிவிடுகிறோம். 'அர்த்தி' என்ற வடசொல்லுக்கு வேண்டி நிற்பவர், இரப்பவர் என்று பொருள். சட்டத்தில் உரிமையோடு நுழைந்தவர் திட்டத்தில் கையேந்தி நிற்கிறார். நம் துண்டறிக்கைகளிலும் 'பயனாளிகளுக்கு உடனே வழங்கு' என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

உடலுக்கு வருவோம். 2019-21 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். பாதிப் பெண்கள் இரத்தம் குறைந்த உடலோடு பிரசவ மேசைக்குச் செல்கிறார்கள். அங்கே மேலும் இரத்தம் இழக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்பது அரசின் நெறிமுறை. மாத்திரை இலவசமாகக் கிடைக்கலாம். அரை வயிற்றோடு அதை விழுங்கினால் குமட்டுகிறது, வயிறு கட்டிக்கொள்கிறது. பத்து நாளில் அட்டை பரணில் ஏறுகிறது. பிறகு தலைசுற்றல், மூச்சிரைப்பு, 'சோம்பேறி' என்ற ஏச்சு. தொற்று வந்தால் காய்ச்சல் கண்ட பிறகே மருத்துவமனைக்கு ஓட்டம். காரணமின்றி அழும் தாய்மார்கள், குழந்தையைத் தொடவே அஞ்சும் தாய்மார்கள் உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஒரு நோய் என்றும், அதற்குச் சிகிச்சை உண்டு என்றும் அவர்களிடம் சொல்ல அந்தச் சந்துக்கு யார் வருகிறார்கள்?

வருபவர் ஒருவர் உண்டு, ஆஷா. மருத்துவமனையில் பிரசவித்த தாயின் வீட்டுக்கு அவர் மூன்றாம் நாள் முதல் நாற்பத்திரண்டாம் நாள் வரை ஆறு முறை வந்து, குழந்தையின் எடையை நிறுத்து, வெப்பம் பார்த்து, தாயின் நிலையைக் கேட்டறிந்து, படிவத்தில் பதிய வேண்டும். இந்த ஆறு வருகைக்கும் சேர்த்து ஒன்றிய அரசு நிர்ணயித்த ஊக்கத்தொகை 250 ரூபாய். ஆஷாவும் ஒரு தாய்தான். அவருக்குத் தொழிலாளி என்ற தகுதியே இல்லை. 'தன்னார்வலர்' என்பதே ஏட்டிலுள்ள பெயர். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும் என்று 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013இல் பரிந்துரைத்தது. அதன் பிறகு ஆண்டுகள் கழிகின்றன. தெருவில் இறங்கும் ஆஷாக்கள் தடியடி வாங்குகிறார்கள். ஊதியமற்ற தாயைக் கவனிக்க ஊதியமற்ற தாயை அனுப்பிவைத்து, இரண்டையும் தாய்மையின் பெருமை என்று அழைக்கும் கெட்டிக்காரத்தனம் இது.

குழந்தை என்ன ஆகிறது? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும் என்று அங்கன்வாடிச் சுவர்தோறும் எழுதியிருக்கிறது. காலை ஏழு மணிக்குப் போய்ப் பகல் இரண்டு மணிக்குத் திரும்பும் தாய் எப்படித் தருவார்? அடுக்ககத்து வீட்டுக்குக் குழந்தையை எடுத்துச் செல்ல அனுமதியில்லை. மார்பில் பால் கட்டிக்கொண்டு வலியெடுக்க, குளியலறையில் பீய்ச்சிக் கொட்டிவிட்டு மறுபடி பாத்திரத்துக்கு வருகிறார். சில வாரத்தில் பால் வற்றுகிறது. பிறகு பால்மாவு. குழந்தைகளுக்கான மாற்றுப்பால் விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது, நல்ல சட்டம். ஆனால் விளம்பரத்தைக் கண்டு மயங்கி அந்தப் பெண் டப்பா வாங்கவில்லை. வேறு வழியின்றி வாங்குகிறார். டப்பாவின் விலை கட்டாததால் ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் அரைக் கரண்டி போடுகிறார். தண்ணீரோ லாரித் தண்ணீர். வயிற்றுப்போக்கு வரும்போது 'தாயின் அறியாமை' என்று எழுதிவைக்க ஆள் இருக்கிறது.

பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்விக்கு, இந்தியாவின் கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே விடை: மூத்த பெண் குழந்தை. எட்டு அல்லது ஒன்பது வயது. இடுப்பில் தம்பியோடு அவள் பள்ளியிலிருந்து நின்றுவிடுகிறாள். முதல் குழந்தையானால் அவளும் இல்லை. ஊரிலிருந்து பதின்வயதுத் தங்கை வரவழைக்கப்படுகிறாள், அவளுடைய படிப்பு நிற்கிறது. அங்கன்வாடிகளில் முன்பருவக் கல்விக்குச் சேர்ப்பது மூன்று வயதுக்குப் பின்னர்தான். அதற்குக் கீழுள்ள குழந்தைக்குக் கிடைப்பது வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துமாவுப் பொட்டலம். காப்பகத்தோடு கூடிய அங்கன்வாடிகளை அமைக்கும் 'பால்னா' திட்டத்தின் இலக்கு 17,000. நாட்டிலுள்ள அங்கன்வாடிகள் ஏறத்தாழ 14 லட்சம். இலக்கு முழுதும் நிறைவேறினாலும் எண்பதில் ஒன்றுதான் காப்பகமாகும்.

சட்டங்களில் காப்பகம் இல்லாமலில்லை. கட்டுமானத் தொழிலாளர் சட்டம் (1996) ஐம்பது பெண்களுக்கு மேல் வேலைசெய்யும் இடத்தில் காப்பகம் கேட்டது. ஒப்பந்தக்காரரின் வருகைப்பதிவேட்டில் பெண்களின் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டுவதேயில்லை. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் ஐம்பது பேர் வேலைசெய்யும் நிறுவனத்தில் காப்பகம் கேட்டது. அதன் செலவையும் 26 வார ஊதியத்தையும் அரசு ஒரு காசும் பகிராமல் தனித்தனி முதலாளியின் தலையில் வைத்ததால், கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்ணை வேலைக்கு எடுக்காமலிருப்பதே சிக்கனம் என்று அவர்கள் கணக்குப் போட வழி திறந்தது. முதலாளிகளுக்காகப் பரிந்து சொல்வதில்லை இது. ஊழியர் அரசுக் காப்பீடு என்ற அமைப்பு 1948 முதல் நம்மிடம் இருக்கிறது. அதில் சேர்ந்த பெண்ணுக்கு மகப்பேற்றுக்கால ஊதியம் பொது நிதியிலிருந்து செல்கிறது. எந்த முதலாளியின் தயவும் தேவையில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு ஒப்பந்தமும் (183ஆம் எண்) சமூகக் காப்பீடு அல்லது பொது நிதி என்ற இந்த வழியையே சொல்கிறது. இந்தியா அதை ஏற்றுக் கையொப்பமிடவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, பழைய மகப்பேறு நலச் சட்டத்தை விழுங்கிக்கொண்டது. அமைப்புசாராத் தொழிலாளருக்கு அது என்ன தருகிறது? உடல்நலம், மகப்பேறு ஆகியவற்றுக்கு ஒன்றிய அரசு 'பொருத்தமான திட்டங்களை அவ்வப்போது' வகுக்கும் என்கிறது. எவ்வளவு தொகை, எத்தனை வாரம், எந்தத் தேதிக்குள் என்ற எதுவும் இல்லை. பேறுகாலத்துக்கு 'அவ்வப்போது' என்ற கால அளவு பொருந்தாது.

இது ஏதோ முடியாத காரியம் என்பவர்கள் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டலாம். 1917 புரட்சிக்குப் பிந்தைய முதல் மாதங்களிலேயே, உள்நாட்டுப் போரும் பஞ்சமும் வாசலில் நின்றபோது, சோவியத் அரசு பிரசவத்துக்கு முன் எட்டு வாரம், பின் எட்டு வாரம் ஊதியத்துடன் விடுப்பு அளித்தது. சமூகநலத் துறையின் பொறுப்பிலிருந்த அலெக்சாண்ட்ரா கொலந்தாய், தாய்மையைக் குடும்பத்தின் சொந்த விவகாரமாகப் பார்க்காமல் சமூகத்தின் பணியாகப் பார்த்தார். இந்தியாவில் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1924இல் மத்தியச் சட்டசபையில் மகப்பேற்று மசோதாவைக் கொண்டுவந்தார், அது ஏற்கப்படவில்லை. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் இதேபோன்ற மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், அதன் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றும் வாதாடினார். மறு ஆண்டில் பம்பாய் மாகாணச் சட்டம் வந்தது. நூறாண்டை நெருங்கும் அந்த வாதத்துக்கு இன்றும் பதில் வரவில்லை. டெல்லி மாநகராட்சியின் நாட்கூலிப் பெண்களும் மகப்பேறு நலச் சட்டத்தின் பயனுக்கு உரியவர்களே என்று உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் நகரத்தில்தான் நாம் முதலில் பார்த்த பெண் பாத்திரம் துலக்குகிறார். மாநிலங்களால் முடிகிறது: தமிழ்நாட்டின் முத்துலட்சுமி ரெட்டி திட்டம், பொருளாகத் தரும் 4,000 உட்பட 18,000 ரூபாய் என்று, இரு பிரசவங்களுக்குத் தருகிறது. கூலியிழப்பை அதுவும் ஈடுசெய்வதில்லை. இருந்தாலும் ஒன்றிய அரசை நாணச் செய்யும் தொகைதான்.

இனி நம் பக்கம். மகப்பேற்று உரிமையை மாதர் சங்கத்தின் கோரிக்கை என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் நம் கிளைகளில் இருக்கிறது. கூலி உயர்வு வர்க்கப் பிரச்சினை, பேறுகாலக் கூலி பெண்கள் பிரச்சினை என்பது எந்த நூலில் படித்த பாடம்? முன்னணியில் நின்ற இளம் பெண் தோழர் முதல் குழந்தைக்குப் பின் கூட்டத்துக்கு வராமல் போகிறார். உறுப்பினர் புதுப்பிப்பின்போது 'செயல்பாடு குறைவு' என்று ஒரு வரி எழுதப்படுகிறது. அதே குழந்தையின் தந்தையும் தோழர்தான். அவருடைய செயல்பாடு குறையவில்லை. மாலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும் கூட்டத்தில் அவர் மூலதனத்தின் சுரண்டல் பற்றிப் பேசுகையில், வீட்டில் குழந்தையைத் தூங்கவைப்பது யார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

கிளைகள் செய்யத்தக்கவை இரண்டு உண்டு. தம் பகுதியில் கடந்த ஓராண்டில் பிரசவித்த பெண்களில், பதிவே செய்யப்படாதவர் எத்தனை பேர், பதினான்கு வாரம் கடந்தும் இரண்டாம் தவணை வராதவர் எத்தனை பேர், பெயரெழுத்துப் பிழைக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர் எத்தனை பேர், பிரசவத்துக்குப் பின் எத்தனையாவது நாளில் ஒவ்வொருவரும் வேலைக்குத் திரும்பினார் என்று வீடு வீடாகச் சென்று எழுதி, அந்தப் பட்டியலோடு ஆஷாக்களையும் அங்கன்வாடி ஊழியர்களையும் உடனழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போவது ஒன்று. மற்றொன்று எளியது: கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முறைவைத்து ஆண் தோழர்களுக்குக் கொடுப்பது. இவ்விரண்டையும் அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்க, மேல் குழுவின் சுற்றறிக்கைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.